கற்காமல் வந்ததல்ல

போன மாதம் விழுப்புரத்தில் ஒரு மாணவர் படிப்பு வட்டத்தில் பேசி முடித்ததும் ஒரு தம்பி எழுந்து கேட்டார். "தோழர், நம்ம பசங்களுக்குப் பாட்டு வருது, பறை வருது, ஆட்டம் வருது. கற்பனைக்குக் குறைச்சலே இல்ல. ஆனா அறிவுன்னு வரும்போது மட்டும் ஏன் அவங்கதான் முன்னால நிக்கிறாங்க?"

கேட்டவர் நம் பிள்ளை. முதல் தலைமுறைப் பட்டதாரி, பறை அடிப்பவர். கேள்வியில் கள்ளம் இல்லை. அரங்கில் பலர் தலையாட்டியதையும் பார்த்தேன். கடைசிப் பேருந்துக்கு நேரமாகிவிட்டதால் அங்கே விரிவாகப் பேச முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

அந்தக் கேள்விக்குள் ஒரு சுவர் இருக்கிறது. ஒரு பக்கம் திறமை, கலை, கற்பனை. மறுபக்கம் அறிவு. சுவரை அந்தத் தம்பி கட்டவில்லை. நாம் பேசும் தமிழிலேயே அது கட்டப்பட்டிருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவரை "கைநாட்டு" என்கிறோம். கையால் வாழ்கிறவருக்கு மூளை இல்லை என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. யாராவது தப்பு செய்தால் "சாதிப் புத்தியக் காட்டிட்டான்" என்கிறார்கள். ஒருவர் தன் வேலையை அற்புதமாகச் செய்தாலோ, "அது அவனுக்கு ரத்தத்துலயே வந்தது." குலத்தொழில் கற்காமலே கைக்கு வந்துவிடும் என்று பழமொழியே வைத்திருக்கிறோம்.

பாராட்டுப் போலத் தெரியும் இந்தக் கடைசி இரண்டும்தான் ஆபத்தானவை. ரத்தத்தில் வந்தது என்று சொன்னால் அதை யாரும் கற்கவில்லை என்று அர்த்தம். கற்கவில்லை என்றால் அது அறிவில்லை. அறிவில்லை என்றால் அதற்கு மதிப்பெண் இல்லை, சம்பளம் இல்லை, பெயரும் இல்லை. வசை செய்யாத வேலையை இந்தப் பாராட்டு செய்து முடித்துவிடுகிறது.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. திண்டிவனத்தைச் சுற்றியுள்ள இருளர் குடியிருப்புகளில் மாலை வகுப்பு நடத்தப் போய்வந்த ஆண்டுகளில் கண்ணால் பார்த்தேன்.

அறுவடை முடிந்த வயலில் இருளர் எலி பிடிப்பதை நின்று பார்த்திருக்கிறீர்களா? எங்கள் மாவட்டத்துக்காரர்கள் பெரும்பாலும் பார்த்திருப்பார்கள், கவனித்திருக்க மாட்டார்கள். வரப்பில் பத்து வளை இருக்கும். எல்லாவற்றையும் வெட்டினால் ஒரு நாள் போய்விடும். அதனால் முதலில் நடக்கிறார்கள். எந்த வாயில் மண் புதிதாகத் தள்ளப்பட்டிருக்கிறது, எந்த வாயில் சிலந்தி வலை பின்னியிருக்கிறது (அப்படியென்றால் அந்த வழியே சில நாளாக எதுவும் போகவில்லை), புழுக்கை காய்ந்ததா ஈரமா, உதிர்ந்த நெல் எந்தத் திசையில் சிதறியிருக்கிறது என்று பார்க்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத மண்ணுக்கடியில் வழி எப்படிக் கிளைக்கும், தானியம் சேர்த்த அறை எங்கே இருக்கும் என்று மனதில் ஒரு படம் போடுகிறார்கள். பிறகு மற்ற வாய்களைச் சேற்றால் அடைத்துவிட்டு, ஒன்றில் மட்டும் பானையின் வாயை வைத்து, உள்ளே வைக்கோலை மூட்டி, பானையின் அடியில் போட்ட சின்ன ஓட்டை வழியாக ஊதுகிறார்கள். அடைக்காமல் விட்ட இடம் எங்காவது இருந்தால் அங்கே புகை எழும். போட்ட படம் தப்பு என்று புகை சொல்லிவிடும். உடனே படத்தைத் திருத்துகிறார்கள். பிறகுதான் வெட்டு.

கவனித்துப் பார்ப்பது, ஊகிப்பது, சோதிப்பது, ஊகத்தைத் திருத்துவது. கல்லூரியில் இதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் அறிவியல் முறை. அந்தப் பானை ஒரு கருவி. அதை முதலில் யோசித்த ஒருத்தரோ ஒருத்தியோ எந்தக் காலத்திலோ இருந்திருக்க வேண்டும். அவரை நாம் கண்டுபிடிப்பாளர் என்று சொல்வதில்லை. தெற்கு ஆப்பிரிக்காவின் சான் மக்கள் விலங்கின் தடம் பார்த்துத் தொடர்வதைப் பல ஆண்டுகள் உடனிருந்து கவனித்த லூயி லீபன்பெர்க், அறிவியலின் தோற்றமே தடம் பார்க்கும் கலையில் இருந்திருக்கலாம் என்று 1990இல் ஒரு நூலே எழுதினார். நம் ஊர் வரப்பில் அதை நின்று பார்த்து எழுத ஆளில்லை.

ஃப்ளோரிடா கதை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். அங்கே எவர்கிளேட்ஸ் சதுப்புக்காட்டில் பர்மிய மலைப்பாம்புகள் பெருகி, முயல், மான் என்று எதையும் விடாமல் தின்றுகொண்டிருந்தன. 2016இல் அரசு ஒரு மாதம் போட்டி வைத்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் காட்டில் இறங்கி மொத்தம் 106 பாம்பு பிடித்தார்கள். 2017 ஜனவரியில் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தின் திட்டத்தில் தமிழ்நாட்டிலிருந்து மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர்கள் அழைக்கப்பட்டார்கள். இரண்டு வாரம் முடிவதற்குள் 13 பாம்பு பிடித்தார்கள். அதில் ஒன்று 16 அடிப் பெண் பாம்பு, கைவிடப்பட்ட ஏவுகணைத் தளத்தின் இடிபாட்டுக்குள் பதுங்கியிருந்தது. அந்த ஊர்க்காரர்கள் சாலையோரமாக வண்டியில் போய்த் தேடிக்கொண்டிருந்தபோது இவர்கள் அடர்ந்த புதருக்குள் நடந்து போனார்கள்.

இங்கே நிறுத்தி யோசியுங்கள். அந்த இருவரின் ரத்தத்தில் பாம்பு பிடிக்கும் வித்தை ஊறியிருந்தது என்றால் அது நல்லபாம்பையும் விரியனையும் பற்றியதாகத்தானே இருக்க முடியும்? அந்தக் காடு அவர்கள் அதற்குமுன் பார்த்திராதது. மண் வேறு, செடி வேறு, பாம்பு பதுங்கும் இடம் வேறு. பழக்கம் என்பது பழகிய இடத்தில்தான் வேலை செய்யும். பழகாத இடத்தில் வேலை செய்வதற்குப் பெயர் புத்தி. தெரிந்த ஒன்றிலிருந்து தெரியாத ஒன்றுக்குத் தாவுவதைத்தான் படைப்பாற்றல் என்று எல்லாப் பாடநூலும் சொல்கிறது.

2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. மகிழ்ச்சி. எந்தப் பிரிவில் தெரியுமா? சமூகப் பணி. பத்ம விருதுகளில் அறிவியலுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. பல நாட்டு ஆய்வாளர்களுக்குப் பாம்பு பிடிக்கப் பயிற்சி கொடுத்தவர்கள் அந்தப் பிரிவில் இல்லை.

இருளருக்குப் புத்தி உண்டு என்று நம் சமூகம் ஒப்புக்கொள்ளும் இடம் ஒன்றே ஒன்று. காவல் நிலையம். அங்கே மட்டும் "திருட்டுப் புத்தி". எங்கேயோ பூட்டு உடைந்தால் ஏரிக்கரையில் படுத்திருக்கும் இருளர் மேல் வழக்கு. திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணி, நாம் கல்யாணி ஐயா என்று அழைப்பவர், பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தை 1990களில் தொடங்கியதற்கு இப்படிப்பட்ட பொய்வழக்குகளும் காவல்துறை வன்கொடுமைகளும்தான் காரணம். அவர் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவர். அதே ஊரில் தாய்த்தமிழ்ப் பள்ளியையும் தொடங்கினார். வழக்கும் பள்ளியும் அவருக்கு இரண்டு வேலையாகத் தெரிந்ததில்லை. திண்டிவனத்துப் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும்.

இருளர் கதையை மட்டும் சொன்னால், "அது காட்டறிவு, வேற விஷயம்" என்று தள்ளிவிடுவார்கள். அதனால் கர்நாடக சங்கீத மேடைக்கே வருகிறேன். மிருதங்கத்தை வாசிப்பவர் வித்வான். செய்பவர்? டி.எம். கிருஷ்ணா 2020இல் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று ஒரு புத்தகம் எழுதினார். மிருதங்கம் செய்யும் குடும்பங்களைப் பற்றியது, அவர்களில் பெரும்பாலோர் தலித் கிறித்தவர்கள். பசுத்தோல், ஆட்டுத்தோல், எருமைத்தோல் மூன்றும் சேர்ந்துதான் அந்தக் கருவி. எந்தத் தோல் எந்த நாதம் தரும் என்று தொட்டுப் பார்த்துச் சொல்வதும், வித்வானின் காதில் மட்டும் இருக்கும் ஒரு சத்தத்தைத் தோலில் கொண்டுவருவதும் செய்பவரின் வேலை. பாலக்காடு மணி ஐயரின் மிருதங்கத்துக்குப் பின்னால் பர்லாந்து என்ற ஒரு மனிதர் இருந்தார். மணி ஐயரை மேதை என்கிறோம், சரிதான். பர்லாந்தை "கைராசிக்காரர்" என்பார்கள். பாருங்கள், மறுபடியும் கை. அந்தப் புத்தகத்தின் வெளியீட்டுக்குக் கொடுத்திருந்த அரங்கைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றுக்கொண்டது. விழா வேறு இடத்தில் நடந்தது.

உழைப்பை மட்டுமல்ல, உழைப்பவர்களையே படிக்கட்டுகளாகச் சாதி பிரித்து அடுக்கியிருக்கிறது என்று 1936இலேயே அம்பேத்கர் 'சாதி ஒழிப்பு' நூலில் விளக்கிவிட்டார். நான் சொல்ல வருவது அதன் ஒரு கிளை. அந்த அடுக்கு யோசிப்பதையும் செய்வதையும் வேறு வேறு படியில் வைத்தது. யோசித்துக்கொண்டே செய்பவருக்கு அதில் இடமே வைக்கவில்லை.

சரி, பள்ளிக்கூடத்துக்கு வருவோம்.

எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். என்று ஒரு உதவித்தொகைத் தேர்வு உண்டு. தேறினால் ஆண்டுக்கு 12,000 ரூபாய். அதில் மனத்திறன் பகுதியில் 90 கேள்விகள். எங்கள் மாலை வகுப்பில் அதற்குப் பயிற்சி கொடுக்கிறோம். ஒரு கேள்வி வழக்கமாக வரும்: விரித்து வைத்த அட்டையின் படம் இருக்கும், மடித்தால் எந்தக் கனசதுரம் கிடைக்கும்? ஓர் இருளர் பையன் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அசையவில்லை. பிறகு நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, அதே மாதிரி வெட்டி, மடித்து, கையில் திருப்பிப் பார்த்து "மூணாவது சார்" என்றான். அரை நிமிடம்கூட ஆகவில்லை. அடுத்த நாலு கேள்விக்கும் அப்படியே. எல்லாம் சரி. தேர்வு அறையில் தாளைக் கிழித்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள். அவனுக்குத் தெரிந்தது அந்த அறைக்குள் தெரியாததாகிவிடும்.

இதைப் போன்ற ஒன்றைச் சோதித்தே பார்த்திருக்கிறார் ராபர்ட் செர்பெல் என்ற உளவியலாளர். 1979இல் வந்த ஆய்வு. ஜாம்பியாவின் லுசாகாவிலும் இங்கிலாந்தின் மான்செஸ்டரிலும் இருந்த குழந்தைகளுக்கு ஒரே மாதிரி வேலை கொடுத்தார். ஒரு வடிவத்தைப் பார்த்து அதேபோல் செய்ய வேண்டும். பென்சிலும் தாளும் கொடுத்தபோது இங்கிலாந்துக் குழந்தைகள் நன்றாகச் செய்தார்கள். கம்பி கொடுத்தபோது ஜாம்பியக் குழந்தைகள் நன்றாகச் செய்தார்கள். களிமண் கொடுத்தபோது இரு பக்கமும் சமம். ஜாம்பியாவில் பிள்ளைகள் பழைய கம்பியை வளைத்துக் கார் செய்து ஓட்டுவது சாதாரணம். வடிவத்தைப் புரிந்துகொள்ளும் மூளை இரண்டு ஊரிலும் அதேதான். எந்தப் பொருளைக் கையில் கொடுத்துக் கேட்கிறோம் என்பதில்தான் யார் கெட்டிக்காரர் என்ற தீர்ப்பு ஒளிந்திருக்கிறது.

நுங்கு தின்ற பிறகு மிஞ்சும் கூந்தல் இரண்டை ஒரு குச்சியில் கோத்து, கவைக்கம்பால் தள்ளிக்கொண்டு ஓடிய பிள்ளைகள்தானே நாம்? அறுந்த ஹவாய் செருப்பை வட்டமாக வெட்டிச் சக்கரம் செய்தவர்கள். இப்போது இருளர் பிள்ளைகள் அட்டைப்பெட்டியில் ஜேசிபி செய்கிறார்கள், கை மடங்கி மண் அள்ளுகிறது. பத்தாம் வகுப்பு முடிவு வரும் நாளில், பல ஆண்டுகளாகப் பட்டியலின் அடிப்பக்கத்தில் இருந்த வடமாவட்டங்களில் எங்கள் மாவட்டமும் ஒன்று. பென்சில் தேர்வின் பட்டியல் அது. கம்பித் தேர்வை யாரும் வைக்கவில்லை.

தாளைக் கிழித்த அந்தப் பையனின் கதை தேர்வோடு முடியவில்லை. ஒன்பதாம் வகுப்பில் சாதிச் சான்றிதழ் கேட்டார்கள். நமக்குப் பட்டியல் சாதிச் சான்றிதழைத் தாசில்தாரே கொடுத்துவிடுவார். பழங்குடிச் சான்றிதழைக் கோட்டாட்சியர்தான் கொடுக்க வேண்டும். நான் கூடப் போயிருந்தேன். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். அங்கே இருந்த ஒருவர் பையனை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இருளன்னா பாம்பு பிடிப்பியா? எலி பிடிப்பியா? எப்படிப் பிடிப்பன்னு சொல்லு பாப்போம்."

பையன் வாயே திறக்கவில்லை. ஏன் தெரியுமா? அதற்கு முந்தைய ஆண்டுதான் அவன் வகுப்பில் "எலி" என்று பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட்டார்கள். ஆசிரியரும் ஒருநாள் சிரித்துவிட்டார். அப்பாவோடு வயலுக்குப் போவதையே அவன் விட்டுவிட்டான். பள்ளிக்கூடம் அந்த வித்தையை அசிங்கம் என்று மறக்கச் சொன்னது. அலுவலகம் அதே வித்தையைப் பிறப்புக்கு அத்தாட்சியாகச் செய்துகாட்டச் சொன்னது. இரண்டு இடத்திலும் அது அறிவு என்று ஒருவரும் சொல்லவில்லை. சான்றிதழ் இழுத்தடிக்கப்பட்டது, பையன் அப்பா அம்மாவோடு செங்கல் சூளைக்குப் போய்விட்டான்.

இந்த இடத்தில் இளைய தோழர்கள் சிலர் வேகமாக ஒரு முடிவுக்கு வருவார்கள். "அப்போ பள்ளிக்கூடமே வேண்டாம், நம்ம பாரம்பரிய அறிவே போதும்." தயவுசெய்து வேண்டாம். இது ராஜாஜியின் வாசல். 1953இல் அவர் கொண்டுவந்த திட்டத்தில் பள்ளி ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம்தான், மீதி நேரம் பிள்ளை அப்பன் தொழிலைக் கற்கட்டும். குலக்கல்வித் திட்டம் என்று பெரியார் இயக்கத்தார் பெயர் வைத்துப் போராடினார்கள். 1954இல் ராஜாஜி பதவி விலகினார், காமராசர் வந்து திட்டத்தைக் கைவிட்டார். அன்று அது நின்றிருக்காவிட்டால் இதை எழுத நான் இல்லை, படிக்க நீங்களும் இல்லை. அந்தக் கதவு முழுக்க மூடிவிடவும் இல்லை. 2023இல் வந்த விஸ்வகர்மா திட்டத்தில் குடும்பத் தொழிலைச் செய்பவர் என்ற நிபந்தனையும் 18 வயது என்ற குறைந்தபட்ச வயதும் இருந்தன. கல்லூரிக்குப் போக வேண்டிய வயது அது. தமிழ்நாடு அரசு அதை ஏற்காமல், 35 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, சாதி பார்க்காமல் தனித் திட்டம் கொண்டுவந்தது. அந்த இரண்டு எண்களுக்கு நடுவில் ஒரு தலைமுறையின் படிப்பு இருக்கிறது.

ஆக, குலத்தொழிலைப் புகழ்வதும் நான் சொல்வதும் ஒன்றல்ல. குலக்கல்வி "இது உன் ரத்தத்தில் இருக்கிறது, அதனால் நீ இதையே செய்" என்றது. நான் சொல்வது, இது ரத்தத்தில் இல்லை, கற்றது. ஆறு வயதில் அப்பா பின்னால் நடந்து, வளையில் கைவிட்டுக் கடி வாங்கி, பத்து முறை தப்பான இடத்தில் வெட்டித் திட்டு வாங்கிக் கற்றது. கற்றது என்றால் அதை இன்னொருவரும் கற்கலாம். கற்றவர் அதை விட்டுவிட்டு இயற்பியலும் கற்கலாம். ஒன்றைக் கற்ற மூளை இன்னொன்றையும் கற்கும்.

பறையில் இந்தப் பாடத்தை நாம் ஏற்கெனவே படித்திருக்கிறோம். நம் தாத்தாக்கள் காலத்தில் சாவுக்கு அடிப்பது கட்டாயம், மறுத்தால் அடி. அடிக்க மாட்டோம் என்று பறையைத் தூக்கி எறிந்தவர்களும் கொளுத்தியவர்களும் போராளிகள்தான். இன்று கல்லூரி வாசலில் தீ மூட்டித் தோலைக் காய்ச்சி, சுண்டுக்குச்சியும் அடிக்குச்சியுமாக நிற்கும் பெண் பிள்ளைகளும் போராளிகள்தான். அன்று பிறப்பு அடிக்க வைத்தது, இன்று விருப்பம் அடிக்க வைக்கிறது. 2025இல் மதுரை அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தபோது நான் முதலில் பார்த்தது அவர் பெயரில் இருந்த "ஆசான்" என்ற சொல்லை. சொல்லித்தருபவர். சொல்லித்தந்தால்தான் வரும் என்று அந்தப் பெயரே சொல்கிறது.

இருளர் வித்தைக்குக் கூலி கிடைத்த ஒரு இடமும் உண்டு. 1972 வன உயிரினச் சட்டமும் அதன் பின் வந்த பாம்புத் தோல் ஏற்றுமதித் தடையும் அவர்கள் பிழைப்பை நிறுத்தின. 1978இல் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கையும் பிடித்து, விஷம் எடுத்து, மறுபடி காட்டில் விடுகிறார்கள். அந்த விஷத்திலிருந்துதான் பாம்புக்கடிக்கு மருந்து. முண்டியம்பாக்கம் மருத்துவமனைக்கு ராத்திரியில் தூக்கிக்கொண்டு ஓடும் பாம்புக்கடிக்காரர் எந்தச் சாதியாக இருந்தாலும், அவர் உடம்பில் ஏறும் ஊசிக்குள் அந்த அறிவும் இருக்கிறது.

அந்தக் கூட்டுறவை மனதில் வைத்துத்தான் எங்கள் மாலை வகுப்பில் இந்த ஆண்டு ஒன்று செய்து பார்த்தோம். குடியிருப்பில் மூலிகை தெரிந்த ஒரு பாட்டி இருக்கிறார். வாரம் ஒருநாள் வந்து பிள்ளைகளுக்குச் செடி சொல்லித்தரச் சொன்னோம். பிள்ளைகள் அதை நோட்டில் வரைந்து, தமிழில் பெயர் எழுதி, தாவரவியல் பெயரைக் கல்லூரி மாணவர்களிடம் கேட்டு எழுத வேண்டும். பாட்டி நாங்கள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கேட்டார்.

"வாத்தியாருக்குச் சம்பளம் தர்றாங்கல்ல தம்பி, எனக்கு இன்னா தருவீங்க?"

கூட வந்திருந்த மாணவர்கள் சிரித்தார்கள். பாட்டி சிரிக்கவில்லை. அன்றைக்கே எங்களுக்குள் வசூல் செய்து, வாரத்துக்கு முந்நூறு ரூபாய் என்று பேசினோம். முதல் வாரப் பணத்தை எண்ணிப் பார்த்து முந்தானையில் முடிந்துகொண்டார். "மழைக்கு முன்னால வந்தாத்தான் வேரு பாக்க முடியும், ஞாயித்துக்கிழம விடியக்காலைல வாங்க" என்றார். ஆறு மணிக்கு வரலாமா என்று கேட்டோம்.

"அஞ்சுக்கு" என்றார்.